கைபேசியின் அடித்தளத்தில் ஒரு புதிய மொழி

சயான் ஸ்டேஷனின் மேற்குப் பக்கம் இறங்கி, 90 அடி சாலை வழியாகத் தாராவிக்குள் நடந்தால் வழியெங்கும் மொபைல் ரிப்பேர் கடைகள். இந்தியாவில் 2018ஐ ஒட்டிய ஆண்டுகளில் லட்சக்கணக்கில் விற்ற ஷியோமியின் ரெட்மி 5ஏ, ரெட்மி நோட் 5 போன்களைத் திறந்து மூடிப் பழகாத கை அங்கே இருக்காது. 2019 அக்டோபரில் கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த மேடி ஸ்டோன் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். ஆண்ட்ராய்டின் அடித்தளத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதைப் பயன்படுத்தி ஏற்கெனவே யாரோ போன்களுக்குள் புகுந்துகொண்டிருக்கிறார்கள் என்றது அது. பாதிக்கப்பட்ட போன்களின் பட்டியலில் ரெட்மியின் அந்த இரண்டு மாடல்களும் இருந்தன. சாம்சங் எஸ்7, எஸ்8, எஸ்9 இருந்தன. கூகுளே தயாரித்த பிக்சல் 2உம் இருந்தது.

ஓட்டை இருந்த இடத்தின் பெயர் பைண்டர். ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொரு செயலியும் தனித்தனியே அடைக்கப்பட்டு ஓடுகிறது. ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று தொட முடியாது. கேமராவைத் திறக்க வேண்டுமா, இருப்பிடம் அறிய வேண்டுமா, திரையில் அறிவிப்பு காட்ட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் செயலி இன்னொரு நிரலிடம் செய்தி அனுப்பிக் கேட்டாக வேண்டும். அந்தச் செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பைண்டர். கீரைக் கடையில் க்யூஆர் அட்டையைப் பார்த்துப் பத்து ரூபாய் அனுப்பும் சில நொடிகளுக்குள்கூட அது பலமுறை வேலை செய்துவிடும்.

பைண்டர் இருப்பது கெர்னலுக்குள். நினைவகத்தைப் பங்கிடுவது, புராசஸரைப் பல நிரல்களுக்கும் மாற்றி மாற்றித் தருவது, கோப்புகளையும் கருவிகளையும் கையாள்வது எல்லாம் இயங்குதளத்தின் மையமான இந்தக் கெர்னலின் வேலை. ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடியில் இருப்பதும் அதுதான். சாதாரணச் செயலியில் பிழை வந்தால் அந்தச் செயலி மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் பிழை வந்தால் அதற்கு மேலே கேட்க ஆளில்லை. ஒன்று முழுக் கருவியும் நிற்கும், அல்லது முழுக் கருவியும் அடுத்தவர் கைக்குப் போகும்.

முன்னதை நம் விமான நிலையங்கள் 2024 ஜூலை 19 அன்று அனுபவித்தன. விண்டோஸ் கெர்னலுக்குள் அமர்ந்து வேலை செய்யும் கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள், 20 மதிப்புகள் மட்டுமே தரப்பட்ட இடத்தில் 21ஆவதைத் தேடிப் படிக்கப் போனது. உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. இந்தியப் பயணிகள் கையால் எழுதிய போர்டிங் பாஸோடு விமானம் ஏறினார்கள்.

2019இன் பைண்டர் ஓட்டை பின்னதைச் சேர்ந்தது. பைண்டரைப் பயன்படுத்தும் ஒவ்வோர் இழைக்கும் (ஒரு நிரலுக்குள் தனியே ஓடும் வேலைத் தொடருக்கும்) கெர்னல் நினைவகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் குறிப்புகள் வைத்திருக்கும். அந்த இடத்தின் முகவரியைக் கெர்னலின் இன்னொரு பகுதியான ஈபோலும் குறித்து வைத்திருக்கும். இழை வேலை முடித்துப் போவதாகச் சொன்னதும் பைண்டர் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஈபோலிடம் மட்டும் பழைய முகவரி அப்படியே இருக்கும். அந்த இடைவெளியில், காலியான அதே இடத்தில் தாக்குபவர் தன் தரவை வைத்துவிட்டால், ஈபோல் அதைத் தன் பழைய குறிப்பு என்று நம்பி வேலை செய்யும். இதைப் படிப்படியாக வளர்த்துக்கொண்டு போனால் போன் முழுவதும் கைக்கு வந்துவிடும். இந்தப் பிழை 2017இலேயே தானியங்கிச் சோதனையில் அகப்பட்டு, 2018 பிப்ரவரியில் லினக்ஸில் திருத்தப்பட்டிருந்தது. திருத்தம் மட்டும் பல போன்களுக்கு வந்து சேரவில்லை. 2020 ஜனவரியில் இதே ஓட்டையைப் பயன்படுத்தும் செயலியொன்று கூகுள் பிளே ஸ்டோரிலேயே இருந்ததை டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் கண்டுபிடித்தது.

பைண்டரை எழுதியவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் எழுதிய மொழி சி. 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில், நினைவகத்தைக் கேட்டு வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் எழுதுபவரின் பொறுப்பு. ஒரு முகவரி கையில் இருந்தால் சி அதை நம்பும். அந்த முகவரியில் உள்ள இடம் இன்னும் நம்முடையதா, எவ்வளவு நீளம், வேறு யாராவது இதே நேரத்தில் அங்கே எழுதுகிறார்களா என்று அது கேட்காது. அந்த நம்பிக்கையால்தான் சி வேகமாக ஓடுகிறது; ஐம்பது ஆண்டுகளாக இயங்குதளங்களை அதிலேயே எழுதியதற்கும் அதுவே காரணம். ஆனால் லினக்ஸ் கெர்னல் இன்று சுமார் 4 கோடி வரிகள். அத்தனை வரிகளிலும் யார் எதை எப்போது திருப்பிக் கொடுத்தார் என்பதை மனிதர்கள் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆண்டுதோறும் தான் திருத்தும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளால் வந்தவை என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. மறுஆண்டு குரோம் உலாவியின் கடுமையான பிழைகளைப் பற்றிக் கூகுளும் ஏறத்தாழ அதே விழுக்காட்டைத்தான் சொன்னது.

ஜாவா போன்ற மொழிகளில் இந்தத் தொல்லை இல்லை. பயன்படாத இடத்தைத் தேடி எடுக்க அங்கே தனியாக ஒரு துப்புரவு நிரல் ஓடும். அது நினைத்த நேரத்தில் வேலையை நிறுத்திவைக்கக்கூடியது என்பதால் கெர்னலுக்குச் சரிப்படாது.

சி அளவுக்கு வேகம் வேண்டும், துப்புரவு நிரல் கூடாது, நினைவகப் பிழையும் கூடாது. இந்த மூன்றையும் சேர்த்துத் தருவது ரஸ்ட். கனடாவின் வான்கூவரில் 21ஆம் மாடியில் குடியிருந்த கிரேடன் ஹோர், மென்பொருள் பழுதாகி லிஃப்ட் நின்றுபோன ஒரு நாளில் படியேறிப் போனவர். 2006இல் தன் சொந்த முயற்சியாக இந்த மொழியைத் தொடங்கினார். மொசில்லா நிறுவனம் பிறகு ஆதரித்தது. முதல் நிலையான பதிப்பு 2015 மே மாதம் வந்தது.

அதன் விதிகளைத் தாராவியில் பெண்கள் சேர்ந்து நடத்தும் சீட்டின் கணக்கு நோட்டை வைத்துச் சொல்லலாம். நோட்டு எப்போதும் ஒருவர் பொறுப்பில் இருக்கும். எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பார்க்கலாம். ஆனால் ஒருவர் அதில் எழுதும் நேரத்தில் வேறு யாரும் எழுதவும் கூடாது, பார்க்கவும் கூடாது. பாதி எழுதிய தொகையை முழுத் தொகை என்று படித்துக்கொண்டு ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டால் சண்டைதான். பொறுப்பை இன்னொரு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டால் பழையவருக்கு அதில் உரிமை இல்லை. சீட்டு முடிந்து நோட்டைக் கிழித்துப் போட்டபின் என் பக்கத்தைக் காட்டு என்று யாரும் கேட்க முடியாது. ரஸ்டில் நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் இதே ஒழுங்கு உண்டு. ஒழுங்கு மீறப்படுகிறதா என்று பார்ப்பது, எழுதியதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், அதுவும் நிரல் ஓடுவதற்கு முன்பே. மீறியிருந்தால் நிரல் உருவாகவே செய்யாது. திருப்பிக் கொடுத்த இடத்தின் முகவரியை வைத்துக்கொண்டிருந்த ஈபோல் கதையை ரஸ்டின் சாதாரண விதிகளுக்குள் எழுதிப் பார்த்தால், கம்பைலர் அந்த வரியைச் சுட்டிக்காட்டி அங்கேயே நின்றுவிடும்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே பிடித்துவிடும் என்றில்லை. கிரௌட்ஸ்ட்ரைக் போல 20 இருக்கும் இடத்தில் 21ஐக் கேட்டால், ரஸ்ட் அதை ஓடும்போதுதான் கண்டுகொள்ளும். கவனமில்லாமல் எழுதியிருந்தால் அங்கேயும் வேலை நின்றுபோகும். வேறொருவருடைய நினைவகத்தைப் படித்துக்கொண்டு தொடராது என்பது மட்டும் உறுதி. கிடைக்காமலும் போகலாம் என்று முன்பே எழுதவைக்கும் இன்னொரு வழியும் அந்த மொழியில் இருக்கிறது. கெர்னலுக்கு எழுதுபவர்கள் அதைத்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

மிகெல் ஒஹேடா முன்னின்று நடத்திய பல ஆண்டு முயற்சிக்குப் பின், 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1இல் ரஸ்ட் ஒரு சோதனையாக உள்ளே வந்தது. 31 ஆண்டுகளாகச் சி மொழியிலும் கொஞ்சம் அசெம்பிளியிலும் மட்டுமே எழுதப்பட்ட கெர்னல் அது. எதிர்ப்பு எழுந்தது இயல்புதான். இரண்டு மொழிகள் கலந்தால் பராமரிக்க முடியாது என்றார் கிறிஸ்டோஃப் ஹெல்விக். அவர் பல்லாண்டு அனுபவமுள்ள பராமரிப்பாளர். அந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சி பக்கத்தில் ஒருவர் ஒரு செயற்கூற்றை மாற்றினால், அதை நம்பியிருக்கும் ரஸ்ட் பக்கத்தை யார் திருத்துவது? இந்த இழுபறியில் மனம் சலித்து, ரஸ்ட் தரப்பில் முதன்மையானவராக இருந்த வெட்சன் அல்மெய்டா ஃபில்யோ 2024இல் விலகினார். மறுஆண்டு ஹெல்விக்கும் தான் கவனித்துவந்த ஒரு பகுதியின் பொறுப்பிலிருந்து விலகினார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2025 பிப்ரவரியில் ஒரு முடிவைச் சொன்னார்: ரஸ்ட் வேண்டாம் என்பவர் அதைத் தொடத் தேவையில்லை, ஆனால் தன் பகுதியை அடுத்தவர் ரஸ்டிலிருந்து பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் டோக்கியோவில் கூடிய பராமரிப்பாளர்கள், சோதனைக் காலம் முடிந்தது, ரஸ்ட் இனிக் கெர்னலின் ஒரு பகுதி என்று முடிவுசெய்தார்கள்.

இந்த வேலையில் இந்தியக் கையும் இருக்கிறது. புராசஸரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் பகுதியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் லினாரோ பொறியாளர் விரேஷ் குமார், அதற்கான ரஸ்ட் இணைப்புகளை எழுதினார். அவை 2025இல் லினக்ஸ் 6.16க்குள் சேர்ந்தன. பழைய சி நிரலைக் கவனித்துவந்தவரே ரஸ்டையும் எழுதியதால், யார் திருத்துவது என்ற கேள்வி அங்கே எழவில்லை. ஹெல்விக்கின் கவலைக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இதுதான்.

பைண்டர் கதைக்கு வருகிறேன். கூகுளின் ஆலிஸ் ரில் முன்னின்று பைண்டரை ரஸ்டில் புதிதாக எழுதினார். 2025 நவம்பர் 30இல் வெளியான லினக்ஸ் 6.18இல் அது இடம்பெற்றது. சில வாரங்களுக்குள் அந்தப் புதிய பைண்டரிலேயே ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பாதுகாப்பு ஓட்டைகளைப் பட்டியலிட வழங்கும் ஓட்டை எண், கெர்னலின் ரஸ்ட் பகுதிக்கு முதன்முதலாகக் கிடைத்தது இதற்குத்தான். ரஸ்டும் அவ்வளவுதானா என்று பலர் கேட்டார்கள். நடந்தது என்ன என்று பார்த்தால், மொழியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

கெர்னல் வன்பொருளோடு பேச வேண்டும், சி நிரலோடு கைகோக்க வேண்டும். அங்கெல்லாம் ரஸ்டின் விதிகள் போதாது. அதற்காகவே அன்சேஃப் என்று குறித்து ஒரு பகுதியை எழுத ரஸ்ட் அனுமதிக்கிறது. அந்தப் பகுதிக்குள் கம்பைலரால் சரிபார்க்க முடியாத ஒன்றுக்கு எழுதுபவர் பொறுப்பேற்கிறார். எதனால் இது சரி என்று மேலே ஒரு குறிப்பும் எழுதவேண்டும் என்பது கெர்னலின் வழக்கம். பைண்டரில் ஒரு பட்டியலிலிருந்து உறுப்பை நீக்கும் வரி அப்படிக் குறிக்கப்பட்டிருந்தது. வேறெங்கோ அதே பட்டியலை ஒரு தற்காலிக இடத்துக்கு மாற்றிவிட்டு, ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் காக்கும் பூட்டை விடுவித்திருந்தார்கள். இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் வந்தால் பட்டியலின் கண்ணிகள் சிதைந்து கெர்னல் நின்றுபோகும். குறிப்பில் கொடுத்த வாக்கு அந்த ஒரு சூழலில் பொய்யாகிவிட்டது. இதற்கு எண் கிடைத்த அதே நாளில் கெர்னலின் சி பகுதிகளுக்காக வழங்கப்பட்ட ஓட்டை எண்கள் 159.

எண்ணிக்கையை வைத்து மட்டும் நான் வாதிட மாட்டேன். சி வரிகள் மிக மிக அதிகம். எனக்கு முக்கியமாகப் படுவது தேடும் இடம். சியில் இப்படியொரு பிழை வந்தால் கோப்பின் எந்த வரியும் சந்தேகத்துக்குரியதுதான். ரஸ்டில் தேடலை அன்சேஃப் என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். மேலே எழுதிய வாக்கும் கண்முன் இருக்கும். பாதுகாப்பான மொழி என்று இதைச் சொல்வதை நான் இந்த அளவில்தான் ஏற்கிறேன்.

எழுதிவைத்த சி நிரல்களை என்ன செய்வது? இதற்குச் சென்னையில் வேறொரு வழியை முயன்றார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் காமகோடி தலைமையில் உருவான சக்தி என்ற புராசஸரை அடிப்படையாக வைத்து, செஸ்டர் ரெபெய்ரோ உள்ளிட்ட குழுவினர் 2019இல் சக்தி-எம்எஸ் என்ற வடிவத்தை வெளியிட்டார்கள். ஒவ்வொரு முகவரியோடும் அதன் எல்லையும் ஆயுளும் சேர்ந்தே பயணிக்கும். மீறினால் சிப்பே தடுக்கும். பழைய சி நிரலைத் திரும்ப எழுத வேண்டாம், மறுபடி கம்பைல் செய்தால் போதும். ஆனால் சிப்பை மாற்ற வேண்டும். 90 அடி சாலையில் கைமாறும் பழைய போன்களுக்கு இரண்டு வழியும் எட்டாது என்பதுதான் உண்மை. அவற்றின் கெர்னல் வாங்கிய நாளோடு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது.

ஆண்ட்ராய்டு குழு பழைய நிரலை மொத்தமாக மாற்றவில்லை. புதிதாக எழுதுவதை மட்டும் ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதத் தொடங்கினார்கள். 2019இல் ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு ஓட்டைகளில் 76 விழுக்காடு நினைவகப் பிழைகள். 2024இல் 24 விழுக்காடு. பழைய நிரலில் இருந்த பிழைகள் ஆண்டுக்காண்டு கண்டுபிடித்துத் திருத்தப்படுகின்றன, புதிய பிழைகள் பெரும்பாலும் புதிதாக எழுதும் நிரலில்தான் வருகின்றன என்பதால் இது சாத்தியமானது.

சயான் சோமையா கல்லூரியிலோ மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ.யிலோ கணினி படிக்கும் பிள்ளைகள் சி கற்பதை விட்டுவிடக் கூடாது. பவாய் ஐ.ஐ.டி.யில் மைதிலி வுட்டுகுரு நடத்தும் இயங்குதளப் பாடம் சியில் எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற சிறிய கெர்னலை வைத்துத்தான் நடக்கிறது, விரிவுரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நினைவகம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று தெரியாதவருக்கு ரஸ்டின் விதிகள் வெறும் தொந்தரவாகத்தான் தெரியும். அதைப் படித்து முடித்ததும் லினக்ஸ் மூலநிரலைத் தரவிறக்கி, அதில் சாம்பிள்ஸ் என்ற தொகுப்புக்குள் இருக்கும் ரஸ்ட் மினிமல் என்ற கோப்பைத் திறந்து பார்க்கலாம். அந்தச் சிறு நிரல் கெர்னலில் ஏற்றப்பட்டவுடன் 72, 108, 200 என்ற மூன்று எண்களை நினைவகத்தில் வைக்கிறது. ஒவ்வொன்றையும் வைக்கும்போது இடம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பது ஒரு கேள்விக்குறியாக அந்த வரியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கெர்னலிலிருந்து இறக்கும்போது எண்களைக் காட்டிவிட்டு விடைபெறுகிறது. அந்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரி கோப்பில் எங்கும் இல்லை. எண்களின் உரிமையாளர் மறையும் இடம் எது என்று கம்பைலருக்குத் தெரியும். திருப்பிக் கொடுப்பதை அது தானே எழுதிக்கொள்கிறது.