பாக்கிப் பணத்துக்கு ஒரு கையெழுத்து

டோக்கியோ தேசிய மைதானத்துக்காக நடந்த சர்வதேச வடிவமைப்புப் போட்டியில், 2012 நவம்பரில் வென்றவர் ஸஹா ஹதித். ஈராக்கில் பிறந்து லண்டனில் அலுவலகம் நடத்திய கட்டடக் கலைஞர். கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் பெண். போட்டியை நடத்தியது ஜப்பான் விளையாட்டு மன்றம் என்ற அரசு அமைப்பு.

சைக்கிள் ஹெல்மெட் மாதிரி இருக்கிறது என்று உள்ளூரில் கேலி கிளம்பியது. செலவு மதிப்பீடு 25,200 கோடி யென்னுக்கு ஏறியதும் கேலி கோபமாயிற்று. 2015 ஜூலையில் பிரதமர் ஷின்சோ அபே திட்டத்தையே ரத்து செய்தார். மறுபடி போட்டி வைத்து, டிசம்பரில் கட்டடக் கலைஞர் கெங்கோ குமாவின் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஹதித்துடையது ராட்சத வளைவுகள் தாங்கும் கூரை. குமாவுடையது அடுக்கடுக்கான மரத் தாழ்வாரம். ஹதித் புகார் சொன்னது உள்பக்கத்தைப் பற்றி. இருக்கைகள் கிண்ணம்போல் இறங்கும் விதமும் உள் அமைப்பும் தன் குழு போட்டுக் கொடுத்ததைப் போலவே இருக்கின்றன என்றார். குமாவுடன் சேர்ந்த தைசெய் கட்டுமான நிறுவனமும் அசுசா செக்கே வடிவமைப்பு நிறுவனமும் ஹதித்தின் திட்டத்திலும் வேலை பார்த்தவை என்பது சந்தேகத்துக்குத் தீனி போட்டது. இடமும் விதிகளும் ஒன்றே என்பதால் சில ஒற்றுமைகள் வரத்தான் செய்யும், வடிவம் முற்றிலும் வேறு என்பது குமாவின் பதில்.

2016 ஜனவரியில் அடுத்த திருப்பம். கடைசித் தவணைப் பணம் வேண்டுமானால் வரைபடங்களின் காப்புரிமையை எழுதிக் கொடுக்கச் சொல்கிறது மன்றம் என்று ஹதித் தரப்பு அறிவித்தது. அவர் மறுத்துவிட்டார். நகலே எடுக்கவில்லை என்றவர்களுக்கு அந்தக் கையெழுத்து எதற்கு?

வழக்குப் போட்டிருந்தாலும் அவருக்கு எளிதாக இருந்திருக்காது. காப்புரிமை பொதுவாகக் காப்பது வெளிப்பாட்டை, யோசனையை அல்ல. கடைசி வரிசைக்காரருக்கும் ஆடுகளம் தெரிய இருக்கை எந்தச் சாய்வில் இறங்க வேண்டும் என்பது பெரும்பாலும் கணக்கு. மாதக்கணக்கில் உழைப்பை விழுங்குவதும் அதுதான். சட்டத்தின் கைக்குச் சுலபத்தில் அகப்படாததும் அதுதான். அதே ஆண்டு மார்ச்சில் ஹதித் மாரடைப்பால் இறந்தார். குமாவின் மைதானம் 2019 நவம்பரில் கட்டி முடிந்தது.

சர்வதேச கட்டடக் கலைப் போட்டிகளுக்கென்று யுனெஸ்கோவின் விதிமுறை ஒன்று 1956 முதலே இருக்கிறது. காப்புரிமை வரைந்தவருக்கே, அவர் சம்மதிக்காமல் திருத்தக் கூடாது, போட்டியில் தோற்ற வரைபடத்தின் ஒரு பகுதியைக்கூட அவரிடம் பேசி முடிக்காமல் எடுத்தாளக் கூடாது. ஆனால் அது பரிந்துரை மட்டுமே. அதை ஏற்காமல் போட்டி நடத்தும் அரசு அலுவலகத்திடம் போகிறவர், டெண்டர் படிவத்தின் உரிமைப் பிரிவைத்தான் வரிவரியாகப் படித்தாக வேண்டும்.