பள்ளி ஏட்டில் பகைமைப் பாடம்!

சுதந்திரத்தின் மேன்மையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு சட்டம் போட்டார்கள். அதே சட்டத்தால் ஆசிரியரின் வாய்க்குப் பூட்டும் போட்டார்கள். கட்டுக்கதையல்ல தோழர்களே, நடந்த கதை! இடம், அமெரிக்காவின் புளோரிடா மாநிலம். ஆண்டு, 1961.

அந்நாளில் அமெரிக்கர் நெஞ்சிலே அச்சம் குடிகொண்டிருந்தது. 1957-ல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணிலே ஏவிற்று. 1959-ல் கியூபாவிலே காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தார். கியூபாவோ புளோரிடாவின் தென்கோடியிலிருந்து 90 மைல்தான்! அமெரிக்கா பயிற்சி தந்து அனுப்பிய படை 1961 ஏப்ரலில் பன்றி விரிகுடாவிலே முறியடிக்கப்பட்டது.

அதே ஆண்டில்தான் புளோரிடா சட்டமன்றம், 'அமெரிக்கக் கொள்கை எதிர் கம்யூனிசம்' என்றொரு பாடத்தைக் கட்டாயமாக்கிற்று. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் 30 மணி நேரமாவது அதைப் படித்தாக வேண்டும்.

பிற நாட்டு ஆட்சி முறையைப் பிள்ளைகள் படிப்பதிலே தவறென்ன என்று கேட்பீர்கள். தவறே இல்லை, படிக்கத்தான் வேண்டும். ஆனால் சட்டம் சொன்னதைக் கேளுங்கள். ஆட்சி முறைகளை ஒப்பிட்டு அறியும் பாடம் இது என்றது. ஒப்பிடும் முன்பே தீர்ப்பையும் எழுதி வைத்தது! அதிகக் கூலி, உயர்ந்த வாழ்வு, மிகுந்த சுதந்திரம் ஆகியவற்றை அமெரிக்கப் பொருளாதார முறைபோல் உலகில் வேறெந்த முறையும் தருவதில்லை என்று வற்புறுத்த வேண்டுமாம். கம்யூனிசம் மேலானது என்று எந்த ஆசிரியரும், எந்த நூலும் காட்டக் கூடாதாம்! தராசைக் கொண்டுவந்தார்கள், ஒரு தட்டை ஆணியடித்து இறுக்கிவிட்டு, 'நிறுத்துப் பார்' என்றார்கள்!

அந்தச் சுதந்திரப் பாடம் நடந்த பள்ளிகள் எப்படிப்பட்டவை? வெள்ளைப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைக்கு வேறு பள்ளி! இந்தப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1954-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. எனினும் 1961-ல் புளோரிடாவின் கறுப்பினப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் ஒதுக்கப்பட்ட பள்ளியிலே அமர்ந்துதான் படித்தார்கள்.

அப்படியானால் மாஸ்கோவிலே நியாயம் கொலுவீற்றிருந்ததா? அதுவும் இல்லை! அமெரிக்காவின் வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சோவியத் பாடநூல் சொல்லிற்று, நிறவெறியைச் சொல்லிற்று. சொன்னது பொய்யல்ல. ஆனால் சொல்லாமல் விட்டது எவ்வளவு! 1962 ஜூனில் நோவோசெர்க்காஸ்க் நகரிலே ரயில் எஞ்சின் தொழிற்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். இறைச்சி விலை ஏறிற்று, வெண்ணெய் விலை ஏறிற்று, கூலி வீதம் குறைந்தது; பொறுப்பார்களா? தெருவுக்கு வந்தார்கள். தொழிலாளர் அரசு என்று பேர்பெற்ற அரசின் படை, தொழிலாளர்மீது சுட்டது! இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆண்டுக்கணக்கில் அந்தச் சேதி மூடி மறைக்கப்பட்டது. அயல்நாட்டு வேலைநிறுத்தத்தைப் படித்த சோவியத் பிள்ளை, தன் நாட்டு வேலைநிறுத்தத்தை அறியவில்லை.

மறைத்ததால் நிலைத்ததா? 1988-ல் சோவியத் அரசே பள்ளி இறுதி வகுப்பின் வரலாற்றுத் தேர்வை ரத்துச் செய்தது. பாடநூல் முழுதும் பொய் மண்டிக் கிடக்க, எதைக் கேட்டு எதற்கு மதிப்பெண் போடுவது? மூன்றே ஆண்டில், 1991-ல், அந்த ஆட்சியும் மறைந்தது.

இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அவன் புண்ணை இவன் எழுதினான்; இவன் புண்ணை அவன் எழுதினான். தன் புண்ணைத் தன் பிள்ளைக்குக் காட்ட இருவருக்கும் துணிவில்லை!

இதிலே நமக்கென்ன என்று எண்ணாதீர். செல்வந்தன் வீட்டுப் பிள்ளைக்குப் பாடநூல் பொய் சொன்னால், அலமாரியிலே வேறு பத்து நூல்கள் உண்டு. உழைப்பவன் வீட்டிலே பாடநூல் ஒன்றுதானே நூல்! அதுவும் பொய் சொன்னால் அந்தப் பிள்ளை எங்கே போவான்? நாளை கூலி கேட்டுக் கூட்டம் கூடும்போது, 'உலகிலேயே உயர்ந்த முறை நம்முடையது, வாயை மூடு' என்பவனுக்கு என்ன விடை சொல்வான்?

பழங்கதை என்றும் ஒதுக்க முடியாது. 2024 ஏப்ரலில் அதே புளோரிடாவிலே, கம்யூனிசத்தின் வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டுமென்று மீண்டும் ஒரு சட்டம் வந்தது. 2026-27 கல்வியாண்டிலிருந்து நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

கற்பிக்கட்டும்! நோவோசெர்க்காஸ்க் துப்பாக்கிச் சூட்டையும் கற்பிக்கட்டும். கறுப்புப் பிள்ளையை ஒதுக்கிவைத்த பள்ளியையும் அதே ஏட்டில் அச்சிடட்டும். பகைவனின் குறையை எழுத மை இருந்தால் போதும்; தன் குறையை எழுத நெஞ்சு வேண்டும். அந்த நெஞ்சுள்ள நாட்டின் பாடநூலையே நம் பிள்ளைகள் நம்பிப் படிக்கலாம்!