கியர் பெட்டியை இறக்க வேண்டுமாம்!

மாத்தளை மாவட்டத்தில் பழைய வாகனமொன்றை வைத்துக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்களுடன் பேசும்போது, கராஜில் சொல்லப்படும் ஒரு வசனம் அவர்களை எவ்வளவு கலங்க வைக்கின்றது என்பதனை நான் பல தடவை கண்டிருக்கின்றேன். "கியர் பெட்டியை இறக்க வேண்டும்" என்றதுமே, இருக்கும் நகையையும் அடகு வைக்கும் எண்ணந்தான் வருகின்றது.

இரத்தோட்டைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், போரில் கணவரை இழந்த பின் வன்னியிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்தவர். பழைய மாருதி 800 காரில் சோற்றுப் பார்சல்களைக் கடைகளுக்குக் கொண்டு சென்று கொடுக்கிறார். மேட்டில் எஞ்சின் இரைந்தது, கார் ஏறவில்லை. ஒரு கராஜில் புதுக் கியர் பெட்டியே போட வேண்டும் என்றார்களாம். 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரை விட்டால் வேறு வழியிருக்கவில்லை.

மோட்டார் வேலை பழகிய அவரது தம்பி பார்த்தபோது தேய்ந்திருந்தது கிளச் பிளேட். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையில் அது இருப்பதால், பிளேட்டை மாற்றவும் பெட்டியை இறக்கத்தான் வேண்டும். கூலி கூடுவது இதனாலேயே. கியர் போட்டபின் தானாகக் கழன்றால் பெட்டிக்குள்ளேயே பழுது இருக்கக்கூடும்.

வீட்டு முற்றத்தில், சீமெந்துத் தரையில் அக்காவும் மகனும் கைகொடுக்க வேலை நடந்தது. பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்கள். ஜக்கால் தூக்கிய காரை இரும்பு ஸ்டாண்டுகளில் இருத்தினார்கள். சகோதரிகளே, ஜக்கை மட்டும் நம்பியோ, சீமெந்துக் கல்லை அடுக்கியோ எவரையும் வாகனத்தின் கீழே படுக்க விடாதீர்கள். கல் சொல்லாமல் உடையும். இதில் உயிர்கள் போயிருக்கின்றன.

முதலில் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றினார்கள். பின் கியர் ஒயிலை வடித்து, ஸ்டார்ட்டர் மோட்டர், கிளச் கேபிள், கியர் கம்பிகள், சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் எல்லாவற்றையும் விடுவித்தார்கள். ஆணிகள் ஒரே நீளமில்லை என்பதால், மகன் அட்டைப் பெட்டியொன்றில் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தான். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எஞ்சினுக்கு அடியில் பலகையும் ஜக்கும் கொடுத்த பிறகே தாங்கிகளைக் கழற்றி, இருவர் பிடிக்கப் பெட்டியை இறக்கினார்கள்.

உள்ளேயிருந்த தூசியை வாயால் ஊதக்கூடாது. பழைய பிளேட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெட்டி இறங்கியிருக்கும் வேளையிலேயே கிளச் பெயரிங்கையும் ஒயில் சீலையும் பார்த்து மாற்றிவிட்டால், அவற்றுக்காக மறுபடியும் இறக்கும் வேலை மிச்சம்.

ஏற்றுவதுதான் பொறுமையைச் சோதித்தது. பிளேட் சரியாக நடுவில் அமையாவிட்டால் தண்டு உள்ளே போகாது. இடைவெளி தெரியும்போது ஆணியை முறுக்கி இழுத்தால் அலுமினிய உறை உடைந்துவிடும். இரண்டு தடவை வெளியே எடுத்து, மூன்றாம் தடவைதான் கையாலேயே பொருந்தி நின்றது. புதுக் கியர் ஒயில் ஊற்றி, கிளச் மிதியின் தளர்வைச் சரிபார்த்த பின்னரே ஸ்டார்ட் செய்தார்கள்.

மறுநாள் அக்கா பார்சல்களுடன் அதே மேட்டில் ஏறினார். இப்போது கராஜுக்குப் போகும் அயற்பெண்கள் அவரையும் கூட்டிச் செல்கிறார்கள். "கழற்றின பழைய சாமானைக் கையில் தாங்க, பாஸ்" என்று முதலில் கேட்பவர் அவர்தான்.