விழிக்கு ஒரு தீயணைப்புப் படை

பைக்கிலிருந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டவர்களுக்கு ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் தெரிந்திருக்கும். நர்ஸம்மா ஊற்றியதும் புஸ்ஸென்று நுரை பொங்கும். அதற்குக் காரணம், நம் ரத்தத்திலும் சதையிலும் இருக்கிற காட்டலேஸ் என்ற என்சைம். பெராக்ஸைடைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் அதற்கு மறுவேலை.

இதே ஆசாமி உங்கள் கண்ணிலும் டியூட்டி பார்க்கிறார், சார்.

கருவிழி மேல் வாட்ச் கண்ணாடி மாதிரி கவிழ்ந்திருக்கிறதே கார்னியா, கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அதில் ரத்தக்குழாயே கிடையாது. இருந்தால் பார்வையை மறைக்குமே! அதனால் தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கூடவே நாள் பூரா வெயில். ஆக்ஸிஜனும் அல்ட்ரா வயலட்டும் கூட்டுச் சேர்ந்தால் வம்புதான். ஒரு எலெக்ட்ரானைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிஜன் சூப்பராக்ஸைடு என்ற ரவுடியாகிவிடும்.

ரவுடியை மடக்குவது சூப்பராக்ஸைடு டிஸ்ம்யூட்டேஸ். (இன்னொரு தரம் சொல்லச் சொல்லாதீர்கள்.) 1938-லேயே மாட்டு ரத்தத்திலிருந்து இந்தச் செம்புப் புரதத்தைப் பிரித்துவிட்டார்கள். ஆனால் என்ன வேலை பார்க்கிறது என்று 31 வருஷம் யாருக்கும் புரியவில்லை! எங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருவர் இருந்தார், புரிவதற்குள் ரிடையராகிவிட்டார். 1969-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்ட் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் இர்வின் ஃப்ரிடோவிச்சும்தான் குட்டை உடைத்தார்கள்.

டிஸ்ம்யூட்டேஸ் மடக்கியதும் ரவுடி பெராக்ஸைடாக மாறுவான். அவனும் லேசுப்பட்டவனில்லை. மிச்சத்தைக் காட்டலேஸும் குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸும் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் படைக்கும் ஓர் அளவு உண்டு. வருஷக்கணக்கில் வெயிலில் சுற்றுகிறவர்களுக்கு, மூக்கோரத்து வெள்ளைவிழியிலிருந்து கருவிழி மேல் சதை படர்வதைப் பார்த்திருப்பீர்கள். டெரிஜியம் என்பார்கள். அதற்கு முக்கியக் காரணம் அல்ட்ரா வயலட். பாப்பா வரை வந்தால் பார்வை மறைக்கும். ஆபரேஷன் செய்தாலும் சிலருக்குத் திரும்ப வளரும்.

மத்தியான வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்கள் கூலிங் கிளாஸ் போடுவதை நான் இனிமேல் பந்தா என்று சொல்லமாட்டேன். வாங்கும்போது 'யுவி 400' என்று போட்டிருக்கிறதா, பாருங்கள். வெறும் கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத்தான் குறைக்கும். இருட்டாச்சே என்று பாப்பா வேறு அகலமாகத் திறந்துகொள்ளும். ஹீரோ மாதிரி இருப்பீர்கள், அது வேறு விஷயம்.