கிளட்ச் ஒன்றா? இரண்டா?



"ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கலாமா, மேனுவலே போதுமா?" கார் வாங்கப் போகிற எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் நம்மைப் பிடித்து நிறுத்திக் கேட்பார்கள். என்னை முதலில் கேட்டவர் என் அப்பா. அவர் கேட்ட விதம் வேறு.

அப்பா டிரைவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நாமக்கல்லில் லாரியில் ஆரம்பித்து, பிறகு டாக்ஸி ஓட்டி, இப்போது ஒரு முதலாளியிடம் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார். முதலாளியின் கார் இரட்டைக் கிளட்ச் வண்டி. அப்பாவைப் பொறுத்தவரை அது 'ஆட்டோமேட்டிக்', அவ்வளவுதான்.

போன மே மாதம் முதலாளி குடும்பத்தோடு ஏற்காடு போனார்கள். சேலத்திலிருந்து ஏறும் அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். விடுமுறைக் கூட்டம் வேறு. வண்டிகள் ஊர்ந்தன. ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் இருக்க அப்பா ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடியே நின்றிருக்கிறார். லாரியில் ஹாஃப் கிளட்ச் போட்டு நிற்பாரே, அதே பழக்கம். டாஷ்போர்டில் ஏதோ ஆங்கில எழுத்து மின்னியிருக்கிறது. அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் வண்டி நகர மறுத்துவிட்டது. அரை மணி நேரம் வளைவிலேயே நின்று, சூடு ஆறிய பிறகுதான் கிளம்பியது. "இருபத்தாறு வருஷம் ஓட்டினவன்னு சொன்னியேப்பா!" என்று முதலாளி குழந்தைகள் எதிரிலேயே கேட்டுவிட்டார்.

அன்று இரவு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அப்பா, "ஏன் தம்பி, கியர் பாக்ஸெல்லாம் படிக்கிறேங்கறியே, நான் என்னடா தப்புப் பண்ணுனேன்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. சிங்கிள் பிளேட் கிளட்ச், கான்ஸ்டன்ட் மெஷ், சிங்க்ரோமெஷ் எல்லாம் படம் போட்டு மார்க் வாங்கியவன் நான். அப்பாவின் கேள்விக்கு அதில் விடை இல்லை. மறுநாள் எங்கள் விரிவுரையாளரிடம் போய் நின்றேன். அவர் கரும்பலகையில் வரைந்து காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மேனுவல் நமக்குத் தெரியும். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் ஒரே கிளட்ச். மிதித்தால் விலகும்; கியர் மாற்றி விட்டால் சேரும். அந்த இடைவெளியில் சக்கரத்துக்குச் சக்தி போகாது. வண்டி லேசாகத் தளர்வதை நாம் உணர்கிறோம்.

அந்தத் தளர்வைப் போக்கத்தான் இரட்டைக் கிளட்ச். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஷாஃப்ட். வெளியே இருப்பது உள்ளீடற்ற குழாய். அதற்குள் இன்னொன்று ஓடுகிறது. ஒரு ஷாஃப்டில் 1, 3, 5, 7 கியர்கள். மற்றதில் 2, 4, 6. ஒவ்வொன்றுக்கும் தனிக் கிளட்ச். இரண்டாம் கியரில் ஓடும்போதே அடுத்தது மூன்று என்று கணித்து, கம்ப்யூட்டர் அந்தக் கியரைப் போட்டுத் தயாராக வைத்துவிடும். பிறகு ஒரு கிளட்ச் விடும்போதே மற்றது பிடிக்கும். ரிலே ஓட்டத்தில் கோலைக் கை மாற்றுகிற மாதிரி. கணிப்பு தவறினால் மட்டும் ஒரு சிறு தயக்கம் வரும். ஓவர்டேக் செய்யத் திடீரென்று மிதிக்கிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள்.

இந்த யோசனை பழசு. பிரான்ஸின் அடால்ஃப் கெக்ரெஸ் 1939-லேயே சிந்தித்தார். 1980-களில் போர்ஷே தன் 956, 962 பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது. சாலைக் காருக்கு 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 மூலம் வந்தது. அத்தனை வருடம் ஏன் காத்திருந்தது? இரண்டு கிளட்சையும் இம்மி பிசகாமல் இயக்கும் எலக்ட்ரானிக்ஸ் வேண்டியிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் 'ஆட்டோமேட்டிக்' என்று ஒரே பெயரில் சொல்கிறோம். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்தது ஏஎம்டி. அது மேனுவல் பெட்டியேதான். கிளட்சை நம் காலுக்குப் பதில் ஒரு இயந்திரம் மிதிக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் சக்தியைக் கடத்துவது எண்ணெய். ஊர்ந்து போகும்போது வழுக்குவதும் எண்ணெய்தான். இரட்டைக் கிளட்சில் வழுக்குவது தகடு. நம் மேனுவல் கிளட்ச் மாதிரியே தேயும், சூடாகும்.

அதிலும் இரண்டு ஜாதி. எண்ணெயில் முங்கி இருப்பது ஈரக் கிளட்ச். அந்த எண்ணெய் சூட்டை எடுத்துப் போகும். காற்றில் ஆறுவது உலர் கிளட்ச். 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூவில் இருந்தது உலர் வகை. 2022-ல் டாடா அல்ட்ராஸில் வந்தது ஈர வகை. உலர் வகையில் இழப்பு குறைவு, மைலேஜுக்கு நல்லது. ஆனால் அங்குலம் அங்குலமாக நகரும் ஏற்றத்தில் சூடு போக வழியில்லை. முதலாளியின் வண்டி உலர் வகை.

ஆக, அப்பா செய்தது லாரியில் செய்தாலும் கிளட்சுக்குக் கெடுதல்தான். ஆனால் லாரியில் இடது கால் சொல்லும், மூக்குக்குக் கருகல் வாடை வரும், அவரே நிறுத்தியிருப்பார். இதில் கால் அங்கே இல்லை. வண்டி கம்ப்யூட்டர் மூலம் சொன்னது, ஆங்கிலத்தில் சொன்னது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஏற்றத்தில் பிரேக்கை மிதித்து நில்லுங்கள், மிதித்தால் கிளட்ச் விலகிவிடும். முன்னால் ஒரு கார் அளவு இடம் விழும்வரை பொறுங்கள். பிறகு பிரேக்கை விட்டு, தயங்காமல் நகருங்கள். இதைச் சொன்னதும் அப்பா, "இம்புட்டுத்தானா?" என்றார். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டார்.

இந்த வருடம் முதலாளி வண்டியை மாற்றப் போகிறார். எது வாங்கலாம் என்று அப்பாவைக் கேட்க, அப்பா "எம் பையனைக் கேட்டுச் சொல்றேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்! பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

நான் மேனுவல் என்றேன். கிளட்ச் தகடு போனால் எந்த ஊர் மெக்கானிக்கும் மாற்றுவார். இரட்டைக் கிளட்சுக்குத் தனிக் கருவி வேண்டும், மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் வைத்து அதற்குப் பழக்கப்படுத்த வேண்டும். பேட்டரி இறங்கினால் மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், இதில் முடியாது. பெரிய கம்பெனிகளுக்கே இது தொல்லை கொடுத்திருக்கிறது. இந்தப் பெட்டியால் 2013-ல் சீனாவில் மட்டும் ஃபோக்ஸ்வாகன் 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இரண்டாம் கையாக வாங்குகிறவர்களுக்கு நான் இன்றும் மேனுவல்தான் சொல்வேன். முன்னால் வைத்திருந்தவர் ஏற்றத்தில் எப்படி நிறுத்தினார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

அப்பா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு வேட்டியை விலக்கி இடது முட்டியைக் காட்டினார். வீங்கியிருந்தது. "சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் டிராபிக்குல மிதிச்சு மிதிச்சு இது போயிருச்சு தம்பி. ஆட்டோமேட்டிக்கே வரட்டும். எப்படி நிறுத்தறதுன்னுதான் இப்பத் தெரிஞ்சுபோச்சே."

வண்டியைப் பற்றி அவ்வளவு படித்த நான், ஓட்டுகிறவரின் முட்டியை யோசிக்கவே இல்லை. பதிலை மாற்றினேன். முதலாளி வண்டியைப் புதிதாக வாங்குகிறார், வாரன்டி இருக்கும். மலைக்கு அடிக்கடி போகிறார். அதனால் இரட்டைக் கிளட்ச் என்றால் ஈர வகையாகப் பார்க்கச் சொன்னேன். எண்ணெயை மட்டும் சொன்ன கணக்குக்கு மாற்ற வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் ஈரக் கிளட்ச் ஆறு கியர் பெட்டிக்கு அது 60,000 கிலோமீட்டர்.

வண்டி அடுத்த மாதம் வருகிறது. அதன் கையேட்டிலுள்ள எச்சரிக்கை வாசகங்களைப் பார்த்து, டாஷ்போர்டில் எந்த எழுத்து வந்தால் என்ன அர்த்தம், என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஓர் அட்டையில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் அப்பா. சன் வைசருக்குப் பின்னால் செருகி வைப்பாராம். ஆங்கில எழுத்தை அப்படியே பெரிதாக வரைந்து, பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு