எதனை மறப்பது?

நினைவாற்றலைப் புகழாதார் இல்லை. மறதியைப் புகழ்வாரோ அரியர். ஆயினும், சதுரங்கம் ஆடும் கணினியின் வெற்றி, அஃது எதனை மறக்கின்றது என்பதிலும் தங்கியுள்ளது என்றால் மாணவர் வியப்புறுவர். இதனைச் சிறிது விளக்குவோம்.

சதுரங்கத்தில் ஒரே நிலை பல வழிகளால் தோன்றக்கூடும். வெள்ளைக் காய்களை ஆடுபவர் இரு காலாட்களுள் எதனை முதலில் நகர்த்தினும், எதிரியின் விடை மாறாதாயின், பலகையின் தோற்றம் ஈற்றில் ஒன்றேயாம். ஆராய்ந்ததை மீண்டும் ஆராய்தல் வீண். ஆதலின், கண்ட நிலையையும், அதன் மதிப்பையும், எத்தனை நகர்வு ஆழத்துக்கு ஆராயப்பட்டது என்பதையும் கணினி ஓர் அட்டவணையிற் பதிந்து வைக்கின்றது. 1960களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் றிச்சாட் கிறீன்பிளாற் ஆக்கிய ‘மாக் ஹாக்’ இம்முறையைக் கையாண்டது. 1970 இல் அல்பேட் சொப்றிஸ்ற் என்பார், ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுமாற்று எண் வழங்கி, அவற்றை இணைத்து நிலையின் அடையாள எண்ணைப் பெறும் வழியை வெளியிட்டார். பதிவு எவ்வறைக்கு உரியது என்பதை அவ்வெண்ணே காட்டும்.

இடர் இங்கேதான் எழுகின்றது. அறைகள் அளவுள்ளவை, நிலைகளோ எண்ணிறந்தவை. ஓரறைக்கு இரு நிலைகள் உரிமை கோரின் எதனை நீக்குவது? எப்போதும் புதியதையே வைப்பின், நெடிது உழைத்துக் கண்ட ஆழ்ந்த முடிவு நொடியில் அழியும். ஆழ்ந்ததையே காப்பின், பழம்பதிவுகள் நிறைந்து, அடுத்த கணமே வேண்டப்படும் புதியவற்றுக்கு இடமிராது. வெட்டுண்ட காலாள் மீளாதாகையால், பழைய நிலைகள் பல இனி ஒருபோதும் வாரா. அவற்றைக் காத்துப் பயன் என்னை?

பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சனும் யோ கொண்டனும் நடுவழி ஒன்று கண்டனர். இரு அட்டவணைகளை அருகருகே வைத்து, ஒன்றில் ஆழ்ந்ததையும் மற்றொன்றிற் புதியதையும் பேணுவதே அவ்வழி. அவர்கள் படைத்த சதுரங்க இயந்திரம் 1980 இல் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரில் உலகக் கணினிச் சதுரங்கப் பட்டத்தை வென்றது. 1994 இல் நெதர்லாந்து ஆய்வாளர் மூவர் ஏழு முறைகளை ஒப்பிட்டபோதும், இவ்வாறு இரண்டையும் பேணும் முறையே முன்னின்றது. அத்துடன், ஆழத்தைக் காட்டிலும், ஒரு முடிவைப் பெற எத்தனை நிலைகள் ஆராயப்பட்டன என்பதே சிறந்த அளவுகோல் எனவும் கண்டனர். இன்றைய ‘ஸ்ரொக்பிஷ்’ மும்மூன்று பதிவுகளை ஒருங்கு வைத்து, ஆழம், பழமை ஆகிய இரண்டையும் சீர்தூக்கிப் பயன் குறைந்ததை நீக்குகின்றது.

அரிதின் உழைத்துப் பெற்றதை எளிதில் இழவாமை ஒன்று. காலங் கழிந்ததைத் தயங்காது விடுத்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே பயின்ற இயந்திரமே ஆட்டத்தில் முந்துகின்றது. பரீட்சைக்குப் படிக்கும் நம் மாணவரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக.