எலும்புப் புளோரோசிஸ்

எலும்புப் புளோரோசிஸ் என்பது பல ஆண்டுகள் மிகுதியான புளோரைடு உடலில் சேர்வதால் எலும்புகளிலும் மூட்டுகளிலும் ஏற்படும் நோய் ஆகும். பெரும்பாலும் குடிநீர் வழியாகவே புளோரைடு உடலை அடைகிறது. 1937 ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் காணப்படுவதை ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர் அறிவித்தனர். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டவை.

எலும்பில் நிகழும் மாற்றம்

எலும்பின் கனிமப் பகுதி, கால்சியமும் பாஸ்பேட்டும் அடங்கிய ஐதராக்சிஅபடைட்டு என்னும் படிகத்தால் ஆனது. இப்படிகத்திலுள்ள ஐதராக்சைடு அயனியின் இடத்தைப் புளோரைடு பிடித்துக்கொள்கிறது. மேலும், எலும்பை உருவாக்கும் உயிரணுக்களான ஆஸ்டியோபிளாஸ்டுகளைப் பெருகுமாறு தூண்டுகிறது. இதனால் புதிய எலும்பு மிகுதியாக உருவாகிறது. ஆனால் அதன் அமைப்பு ஒழுங்கற்றதாக இருக்கும்.

எனவே அடர்த்தியான எலும்பு வலிமையான எலும்பு ஆகிவிடாது. 1990 இல் அமெரிக்காவில் எலும்பு மெலிவு நோயுள்ள 202 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. நான்கு ஆண்டுகள் சோடியம் புளோரைடு பெற்றவர்களின் முதுகெலும்பு அடர்த்தி உயர்ந்தது. ஆயினும் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பிற எலும்புகளின் முறிவுகள் கூடின.

அறிகுறிகள்

தொடக்கத்தில் மூட்டுவலியும் விறைப்பும் தோன்றுவதால் இது மூட்டழற்சி எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. பின்னர்த் தசைநார்களில் கால்சியம் படிந்து முதுகு வளையாமல் போகும். முற்றிய நிலையில் தண்டுவடம் நெரிக்கப்பட்டுக் கைகால்கள் செயலிழக்கலாம். உணவில் கால்சியம் குறைந்தால் பாதிப்பு கடுமையாகும்.

நீரும் பாறையும்

பயோடைட்டு, ஆர்ன்பிளெண்டு, அபடைட்டு போன்ற கனிமங்களிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. நீர் பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கினால் அதன் அளவு கூடும். குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு போன்ற ஆறுகளின் நீர் விரைந்து ஓடுவதால், அதில் புளோரைடு பொதுவாகக் குறைவு. தென்காசி போன்ற கடும்பாறைப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணறுகளுக்கு இது பொருந்தாது. ஒவ்வொரு கிணற்று நீரையும் தனித்தனியே சோதித்தறிய வேண்டும்.

தடுப்பு

முற்றிய நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை என்பதால் தடுப்பே முதன்மையானது. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு. நீரைக் கொதிக்கவைத்தால் புளோரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறையால் புளோரைடைக் குறைக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 இல் தொடங்கிவைக்கப்பட்டது.